கல்லூரிக் கட்டணத்தில் மீதி இரண்டு ரூபாய்

மதிப்பிற்குரிய பெற்றோர்களே,

திருவண்ணாமலை மாவட்டத்தில் பிளஸ் டூ முடித்த பிள்ளைகளை வைத்திருக்கும் அம்மாக்களுக்கும் அப்பாக்களுக்கும் இதை எழுதுகிறேன். செங்கம், போளூர், கலசப்பாக்கம், தண்டராம்பட்டு, கீழ்பென்னாத்தூர், ஜமுனாமரத்தூர் என்று நீங்கள் எந்தப் பக்கத்தில் இருந்தாலும், ரிசல்ட் வந்த நாளிலிருந்து உங்கள் வீட்டில் ஒரே பேச்சுதான் ஓடும். எந்தக் கல்லூரி, எந்த கோர்ஸ், எவ்வளவு ஃபீஸ், முடித்தால் என்ன சம்பளம். நான் இந்த மாவட்டத்து அரசுப் பள்ளிகளில் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். ஓய்வுபெற்ற வாத்தியாரை ஊர் சும்மா விடாது. விண்ணப்பம் நிரப்பவும், கட்-ஆஃப் கணக்குப் போடவும், இந்தக் கல்லூரி தேறுமா என்று சொல்லவும் யாராவது கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். அப்படிப் போன இடங்களில் திரும்பத் திரும்பக் காதில் விழுந்த ஒரு கேள்விதான் இந்த மடலுக்குக் காரணம்.

இ-சேவை மையத்தில் உட்கார்ந்தால் அந்தக் கேள்வியை நாள் முழுக்கக் கேட்கலாம். அப்பா கையில் ஒரு துணிக்கடைப் பை. அதற்குள் டி.சி., சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று, ஆதார், பேங்க் பாஸ்புக், எல்லாவற்றுக்கும் ஜெராக்ஸ். "முதல் சாய்ஸ் எது போடணும்?" என்று கம்ப்யூட்டர் முன்னால் இருக்கும் பெண் கேட்கிறார். அப்பா என் பக்கம் திரும்புகிறார்: "எது படிச்சா கையோட வேலை கிடைக்கும் சார்? அதைப் போடச் சொல்லுங்க." மகள் அவர் முதுகுக்குப் பின்னால் நிற்கிறாள். "நீ என்னம்மா நினைக்கிற?" என்று நான் கேட்டால், அப்பாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அப்பா சொல்றதுதான் சார்" என்கிறாள்.

அந்த அப்பாவைக் கிண்டல் செய்ய இதை எழுதவில்லை. அவர் கேட்டதில் தவறு இல்லை. 'படிப்பு வேலைக்காக இல்லை' என்று மேடையில் பேசுகிறவர்களைக் கவனித்திருக்கிறேன். பெரும்பாலும் அவர்களுக்கு வேலை இருக்கும். இல்லாவிட்டால் தாத்தா வைத்துவிட்டுப் போன வீடாவது இருக்கும். மானாவாரியில் மல்லாட்டை போட்டு, மழை தவறியதும் வீட்டைப் பூட்டிக்கொண்டு கட்டட வேலைக்குப் பெங்களூர் பஸ் ஏறிய குடும்பத்திடம் போய் அப்படிப் பேச எனக்கு வாய் வராது. நம் பக்கத்தில் ஒரு பிள்ளை மாதச் சம்பளம் வாங்கினால் வீட்டுக் கடன் அடைகிறது. அப்பா செய்த வேலையைத்தான் மகனும் செய்ய வேண்டும் என்ற சாதிக் கட்டளை உடைகிறது. கல்யாணப் பேச்சில் மகளின் வாய்க்கும் ஒரு மதிப்பு வருகிறது. சம்பளத்தை இளக்காரமாகப் பேசுகிறவர் இவற்றில் ஒன்றையும் அனுபவித்து அறியாதவர். வேலை வேண்டும், சம்பளம் வேண்டும். அதில் எனக்கும் உங்களுக்கும் வழக்கே இல்லை.

வழக்கு அதற்கு மேல்தான். பதினைந்து ஆண்டுக் காலம் ஒரு பிள்ளையைப் பள்ளியிலும் கல்லூரியிலும் உட்கார வைக்கிறோம். அத்தனை காலத்தையும் வேலை என்ற ஒரே கேள்விக்குப் பதிலாக்கிவிட்டால், பிள்ளைக்கு வேறு கேள்வியே வராமல் போகிறது. நான் பயப்படுவது அதற்குத்தான்.

இந்த ஊரிலேயே நடந்த ஒரு கதையை எடுத்துக்கொள்ளுங்கள். ரமணர் படம் மாட்டாத ஹோட்டலும் மளிகைக் கடையும் நம் ஊரில் குறைவு. அவர் இந்த ஊருக்கு வந்து சேர்ந்ததற்குப் பின்னால் ஒரு வீட்டுப்பாடமும் ஒரு கல்லூரிக் கட்டணமும் இருப்பதை நாம் யோசிப்பதில்லை. 1896 ஆகஸ்ட் 29. மதுரை சொக்கப்ப நாயக்கன் தெரு வீட்டில், பின்னாளில் ரமண மகரிஷியான பதினாறு வயது வேங்கடராமன் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறான். ஆங்கில இலக்கணப் பாடத்தைப் படிக்காமல் போனதற்கு மூன்று முறை எழுதிவரச் சொல்லித் தண்டனை. இரண்டு முறை எழுதினான். மூன்றாவது முறை எழுதப் பிடிக்காமல் எல்லாவற்றையும் தள்ளி வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான். பார்த்துக்கொண்டிருந்த அண்ணன் நாகசாமி, இப்படி இருக்கிறவனுக்குப் படிப்பு எதற்கு என்று குத்தலாக ஒரு வார்த்தை விட்டார். எந்த வீட்டிலும் அண்ணன்கள் விடுகிற வார்த்தைதான். தம்பிக்கு அது நியாயமாகப் பட்டது. ஸ்பெஷல் கிளாஸ் இருக்கிறது என்று கிளம்பினான். 'அப்படியானால் பெட்டியிலிருந்து ஐந்து ரூபாய் எடுத்துக்கொண்டு போய் என் கல்லூரிக் கட்டணத்தைக் கட்டிவிடு' என்றார் அண்ணன். வேங்கடராமன் ஓர் அட்லஸை எடுத்துப் பார்த்து, ரயிலுக்கு மூன்று ரூபாய் போதும் என்று கணக்குப் போட்டான். மூன்றை எடுத்துக்கொண்டான். மீதி இரண்டு ரூபாயை ஒரு கடிதத்தோடு வைத்தான். யாரும் தேட வேண்டாம் என்ற அந்தக் கடிதத்தின் கடைசியில், உன் கட்டணம் இன்னும் கட்டப்படவில்லை என்ற தகவலையும் மறக்காமல் எழுதியிருந்தான்.

கணக்கு வாத்தியாராக எனக்கு இந்தக் கதையில் பிடித்த இடம் அந்த இரண்டு ரூபாய்தான். வீட்டையே விட்டுப் போகிறவன், தேவைக்கு மேல் ஒரு காசு எடுக்கவில்லை. எடுத்ததை மறைக்கவும் இல்லை. அண்ணனுக்கு அபராதம் விழுந்துவிடக் கூடாதே என்ற அக்கறையும் அதில் இருக்கிறது. எந்தப் பரீட்சையிலும் இதற்கு மார்க் கிடையாது.

கதை அங்கே முடியவில்லை. அவன் பார்த்த அட்லஸ் பழசு. விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலைக்கு ரயில் ஓடத் தொடங்கிச் சில ஆண்டுகள் ஆகியிருந்தும் அந்த அட்லஸில் பாதை இல்லை. திண்டிவனம்தான் பக்கம் என்று நினைத்து அங்கே டிக்கெட் எடுத்தான். ரயிலில் கூட வந்த ஒரு மௌல்வி பேச்சுக்கொடுத்து, விழுப்புரத்திலேயே மாறலாம் என்று சொன்ன பிறகுதான் விஷயம் தெரிந்தது. கையில் காசு தீர்ந்து, வழியில் கொஞ்ச தூரம் நடந்து, திருக்கோவிலூர்ப் பக்கத்தில் காதுக் கடுக்கனை அடகு வைத்து, செப்டம்பர் 1 காலையில் இங்கே வந்து இறங்கினான்.

பெற்றோர்களே, பிள்ளைக்குக் கோர்ஸ் எடுக்கும்போது நம் கையில் இருப்பதும் பழைய அட்லஸ்தான். நான் வேலையில் இருந்த காலத்திலேயே பார்த்தேன். ஒரு காலத்தில் ஆசிரியர் பயிற்சி முடித்தால் போதும், அரசு வேலை நிச்சயம் என்றார்கள். 2000க்குப் பிறகு மூலைக்கு மூலை பயிற்சி நிறுவனங்கள் முளைத்தன. நிலத்தை விற்றுச் சேர்த்தார்கள். படித்து வெளியே வந்தவர்கள் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது, தகுதித் தேர்வு வந்தது, நிறுவனங்கள் ஒவ்வொன்றாகப் பூட்டப்பட்டன. அடுத்து இன்ஜினீயரிங் அலை. தமிழ்நாட்டில் ஐந்நூறுக்கு மேல் பொறியியல் கல்லூரிகள் இருந்த காலம் ஒன்று உண்டு. பிறகு சீட் நிரம்பாமல் பல கல்லூரிகள் மூடப்பட்டன. அந்த அலையில் படித்துவிட்டு இன்று ஊரில் பைக்கில் உணவுப் பொட்டலம் கொண்டுபோகும் பையன்கள் உங்களுக்கும் தெரிந்தவர்கள்தான். இப்போது செயற்கை நுண்ணறிவு, டேட்டா சயின்ஸ் என்கிறார்கள். நல்ல படிப்புகள்தான். நாளைக்கு எது நிற்கும் என்று எனக்குத் தெரியாது, கல்லூரி வாசலில் நோட்டீஸ் கொடுக்கிறவருக்கும் தெரியாது.

ஆகவே வேலை என்ற கணக்கை மட்டுமே எடுத்துக்கொண்டாலும், பாதை மாறியதும் அதைக் கவனிக்கத் தெரிந்த பிள்ளைதான் பிழைக்கும். தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொள்ளவும், பக்கத்தில் இருப்பவரிடம் கேட்கவும், சொந்தமாகப் படித்துப் புரிந்துகொள்ளவும் பழகிய பிள்ளை. "அப்பா சொல்றதுதான் சார்" என்று பதினேழு வயதில் சொல்லப் பழகியவள், இருபத்தைந்து வயதில் வேலை போனால் யார் சொல்வதைக் கேட்பாள்?

ரமணர் கதையைச் சொன்னதும் உங்களுக்கு ஒரு பயம் வரும். பையனை வீட்டை விட்டு ஓடச் சொல்கிறாரா வாத்தியார்? இல்லை. துறவு எல்லோருக்கும் உரிய வழி இல்லை. ஆனால் பள்ளிக்கூடத்தை விட்ட அந்தப் பையன் படிப்பை விடவில்லை என்பதையும் சேர்த்துப் பாருங்கள். இங்கே வந்த முதல் ஆண்டுகளில் அவருக்குத் துணையாக இருந்தவர் பழனிசாமி. அவர் வேதாந்தப் புத்தகங்களை ஊருக்குள் இரவல் வாங்கி வந்து, எழுத்துக் கூட்டித் தட்டுத்தடுமாறிப் படித்துக்கொண்டிருந்தார். அவர் படும் பாட்டைப் பார்த்து ரமணர் அந்தப் புத்தகங்களை வாங்கித் தாமே படித்து, சாரத்தை அவருக்கு எடுத்துச் சொன்னார். இன்னொருவர் சிரமத்தைக் குறைக்கத் தொடங்கிய வாசிப்பு அது. பின்னாளில் மலையாளமும் தெலுங்கும் சம்ஸ்கிருதமும் அவருக்கு வசப்பட்டன. எந்தப் பட்டமும் வாங்காமல்.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் இன்னொருவர். சிவப்பிரகாசம் பிள்ளை. தத்துவத்தில் பட்டம் பெற்றவர், தென்னாற்காடு மாவட்ட வருவாய்த் துறையில் உத்தியோகம். அந்தக் காலத்தில் இதற்கு மேல் ஒரு தகப்பன் என்ன ஆசைப்பட முடியும்? 1902ல் வேலை விஷயமாகத் திருவண்ணாமலைக்கு வந்தவர், மலைக் குகையில் பேசாமல் இருந்த இருபத்திரண்டு வயது ரமணரைப் போய்ப் பார்த்தார். தன் மனத்தில் பல நாளாகக் கிடந்த கேள்விகளைக் கேட்டார். பதில்கள் எழுத்தில் வந்தன. 'நான் யார்?' என்ற சிறு நூல் அப்படித்தான் பிறந்தது. படிப்பும் பட்டமும் வேலையும் கிடைத்த பிறகும் ஒரு மனிதருக்குக் கேட்க வேண்டிய கேள்வி மிச்சம் இருந்தது. அதைக் கேட்கும் துணிவும், தன்னைவிட இளையவரிடம், பள்ளிப் படிப்பைக்கூட முடிக்காதவரிடம் போய்க் கேட்கும் பணிவும் அவரிடம் இருந்தன. அந்தத் துணிவையும் பணிவையும் சேர்த்துத்தான் நான் படிப்பு என்கிறேன்.

இது சாமியார் விஷயம், நமக்கு எதற்கு என்று நினைப்பீர்கள். சரி, வீட்டுப் பக்கத்து விஷயத்துக்கு வருகிறேன்.

உங்கள் பிள்ளை பத்தாம் வகுப்புத் தமிழில் மலைபடுகடாம் படித்திருப்பாள். பத்துப்பாட்டில் ஒன்று, இன்னொரு பெயர் கூத்தராற்றுப்படை, பாட்டுடைத் தலைவன் நன்னன். இரண்டு மார்க் கேள்வி. கண்ணை மூடிக்கொண்டு எழுதிவிடுவாள். அந்த நன்னனின் ஊர் செங்கண்மா, அதாவது செங்கம் என்று அவளிடம் சொல்லிப் பாருங்கள். பாட்டில் வரும் நவிரமலைதான் பௌர்ணமிக்குப் பௌர்ணமி கூட்டம் ஏறுகிற நம் பர்வதமலை என்றும், ஆறு சேயாறு என்றும் சொல்லிப் பாருங்கள். இதைச் சொன்னபோது வகுப்பில் ஒரு பெண் எழுந்து, "எங்க ஊர் வழியா சார்?" என்று கேட்டது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. தமிழ் ஆசிரியர் வராத நாளில் கணக்கு வாத்தியார் எடுத்த பாடம் அது. அந்தப் பெண் மனப்பாடம் செய்து வைத்திருந்த வரிகளுக்குள் தன் ஊர் இருந்தது அவளுக்கே அன்றுதான் தெரிந்தது.

இன்னும் பக்கத்தில் வாருங்கள். செங்கம் வட்டாரத்தில் உங்களில் பல பேருக்கு வேடியப்பன் குலசாமி. வயல் நடுவில், புளியமரத்தடியில் நிற்கிற கல்லுக்குப் பொங்கல் வைக்கிறீர்கள். அந்தக் கற்களில் பலவும் நடுகற்கள். சண்டையில் இறந்த வீரனுக்கு ஊர் எடுத்த கல். தமிழ்நாடு தொல்லியல் துறை இவற்றைத் தேடித் தொகுத்து 1972ல் 'செங்கம் நடுகற்கள்' என்று புத்தகமாகவே போட்டது. அவற்றுள் எடுத்தனூர்க் கல் ஒன்று போதும், வாய் பிளக்க. முதலாம் மகேந்திரவர்ம பல்லவன் காலம், 7ஆம் நூற்றாண்டு. மாடு பிடிக்க வந்தவர்களோடு நடந்த சண்டையில் கருந்தேவக்கத்தி என்ற வீரன் இறந்தான். கல்லில் அவன் உருவத்தோடு அவனுடைய நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. நாயின் பெயர் கோவிவன் என்று வட்டெழுத்தில் எழுதி, கள்ளர் இருவரை அது கடித்துக் காவல் நின்றதையும் ஊரார் பதிவு செய்திருக்கிறார்கள். ராஜாக்களின் பெயரைக் கல்லில் வெட்டுவது எங்கும் உண்டு. ஒரு நாயின் பெயரை ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு நிற்கும்படி வெட்டிய ஊர் நம்முடையது. அம்மாவுக்குப் பொங்கல் வைக்கத் தெரியும். மகளுக்குப் பல்லவர் காலம் குறித்து ஐந்து மார்க் எழுதத் தெரியும். இரண்டும் ஒரே கல்தான் என்று இருவருக்கும் யாரும் சொல்லவில்லை.

இதனால் சம்பளம் கூடுமா என்றால் கூடாது. தன் ஊர் ஒன்றுமில்லாத ஊர், தன் வீட்டார் ஒன்றும் தெரியாதவர்கள், படித்துவிட்டு இங்கிருந்து தப்பித்துப் போவதுதான் வாழ்க்கை என்று நினைக்கிற பிள்ளைக்கு முதுகு நிமிரும். சென்னையிலோ பெங்களூரிலோ ஹாஸ்டல் அறையில் நாலு பேர் நடுவில் 'நீ எந்த ஊர்?' என்று கேட்கும்போது குரல் தாழாமல் பதில் சொல்லும்.

ஊரைத் தெரியாமல் படிப்பதற்கு நாம் கொடுத்த விலையும் உண்டு. எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன். 2024 டிசம்பர் 1, ஃபெஞ்சல் புயல் மழையில் அண்ணாமலைச் சரிவிலிருந்து பாறையும் சேறும் இறங்கி நம் ஊர் வ.உ.சி. நகரில் வீட்டின் மேல் விழுந்தது. ஏழு பேர் போனார்கள். அதில் ஐந்து பேர் குழந்தைகள். அந்த வீட்டில் இருந்தவர்களை நான் ஒரு சொல்லும் குறை சொல்ல மாட்டேன். மலையடிவாரத்தில் குடியேறுவது ஏழைக்கு ஆசையினால் வருவதில்லை; வேறு இடத்தில் வாடகை கட்ட முடியாததால் வருவது. நான் கேட்பது படித்தவர்களை. மலை மேல் பெய்யும் மழை எந்த ஓடை வழியாக இறங்கும், மரம் போன சரிவில் மண் எவ்வளவு பிடித்து நிற்கும், எந்த இடத்தில் தெரு போடக் கூடாது என்பதெல்லாம் ராக்கெட் விஞ்ஞானமில்லை. 'நிலச்சரிவு என்றால் என்ன?' என்ற கேள்விக்கு நம் பிள்ளைகள் புவியியலில் முழு மார்க் வாங்குகிறார்கள். நான் முழு மார்க் போட்டிருக்கிறேன். ஒரு மலைச் சரிவில் வரிசையாக வீடு எழும்பி, தெரு விளக்கு வந்து, குழாய் வருவது என்றால் வழியில் எத்தனை பட்டதாரிகளின் கையெழுத்து வேண்டும்? அவர்களும் நல்ல மார்க் வாங்கி வேலைக்கு வந்தவர்கள்தானே? கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஒரு நிமிடம் மலையை நிமிர்ந்து பார்க்க அவர்களுக்கு எந்தப் பள்ளிக்கூடமும் சொல்லித்தரவில்லை. 'இதில் கையெழுத்துப் போட மாட்டேன்' என்று சொல்லும் துணிச்சலையும் சொல்லித்தரவில்லை.

படித்து வேலைக்குப் போகிற உங்கள் மகனோ மகளோ நாளைக்கு ஏதோ ஒரு தாளில் கையெழுத்துப் போடப்போகிறவர்கள். பாலத்துக்கு, மருந்துக்கு, கடனுக்கு, பட்டாவுக்கு. அந்தத் தாளின் மறுபக்கத்தில் ஒரு குடும்பம் இருக்கும். வேலை கிடைப்பது ஒருவர் பிழைப்பு. அந்த வேலையை அவர் எப்படிச் செய்கிறார் என்பது ஊரின் உயிர். இரண்டாவதற்கும் சேர்த்துத்தான் பள்ளிக்கூடம் கட்டினார்கள்.

அம்மாக்களிடம் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். 1991ல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் வந்தபோது அதில் படிக்க வந்த பெண்களுக்கு யாரும் வேலை தருவதாகச் சொல்லவில்லை. கூலி வேலை முடித்துவிட்டு ராத்திரியில் விளக்கு வெளிச்சத்தில் அகரம் எழுதிப் பழகினார்கள். அதோடு சைக்கிள் ஓட்டவும் பழகினார்கள். கிராமத்துப் பெண் சைக்கிள் ஓட்டினால் ஊர் சிரிக்கும் காலம் அது. சிரித்தார்கள். ஆயிரக்கணக்கான பெண்கள் ஓட்டினார்கள். கல் உடைக்கக் கூலிக்குப் போன பெண்கள் குழுவாகச் சேர்ந்து குவாரியையே குத்தகைக்கு எடுத்து நடத்தினார்கள். வருமானம் பிறகு வந்தது. முதலில் போனது பயம். யாருக்கும் பயந்து குறுகாமல், கணக்கைத் தானே படித்துப் பார்த்து, 'இது தப்பு' என்று சொல்லத் தெரிந்ததும் கூலியும் தானாக ஏறியது. உங்கள் மகள் பி.எஸ்சி. முடித்துவிட்டு வங்கியில் ஒரு படிவத்தை நிரப்ப அண்ணனைக் கூட்டிக்கொண்டு போகிறாள் என்றால், அவள் படிப்பு இன்னும் முடியவில்லை என்று பொருள்.

'எல்லாம் சரி வாத்தியாரே, இப்படிச் சொல்லிக்கொடுக்க எந்தப் பள்ளி இருக்கிறது?' என்று கேட்பீர்கள். ஊரையொட்டிய கணத்தம்பூண்டியில் 2009 முதல் மருதம் பண்ணைப் பள்ளி நடக்கிறது. சுற்றுக் கிராமத்துப் பிள்ளைகளும் வெளியிலிருந்து வந்து குடியேறியவர்களின் பிள்ளைகளும் அங்கே ஒன்றாகப் படிக்கிறார்கள். பாடத்தோடு விவசாயம், கைத்தொழில், மலையேற்றம். அதை நடத்துகிற ஃபாரஸ்ட் வே அறக்கட்டளை, அண்ணாமலைச் சரிவில் மரம் வளர்க்கும் வேலையையும் பல ஆண்டுகளாகச் செய்துவருகிறது. கோடையில் தீ பரவாமல் இருக்கத் தீத்தடுப்புக் கோடு வெட்டுவதும், தீ பிடித்தால் ஏறி அணைப்பதும் அந்த வேலையில் சேர்த்தி. 1980களில் மலையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அப்போது அது எவ்வளவு மொட்டை என்று. இன்று மழைக்குப் பிறகு பச்சை பிடிப்பதற்குப் பல பேரின் கை உழைப்பு காரணம்.

எல்லோரும் பிள்ளையை மருதத்தில் சேர்க்க முடியாது, அது சின்னப் பள்ளி. ஆனால் அங்கே நடப்பதில் பெரும்பகுதிக்குப் பணம் தேவையில்லை. மலை எல்லோருக்கும் பொதுதானே? நம் அரசுப் பள்ளிகளிலும் கதவு திறந்துதான் இருக்கிறது. 2022 முதல் கலைத் திருவிழா நடக்கிறது. பறை அடிக்கிற பையனும் தெருக்கூத்துக் கட்டுகிற பையனும் பள்ளி மேடையில் பரிசு வாங்குகிறார்கள். அதே ஆண்டு வந்த வானவில் மன்றத்தில் செய்துபார்த்து அறிவியல் கற்கிறார்கள். இதெல்லாம் வந்ததும் பள்ளிக்கு வந்து "ஆட்டம் பாட்டத்தில் மார்க் போய்டுமே சார்" என்று சண்டை போட்டவர்கள் உங்களில் உண்டு. பி.டி. பீரியடையும் கணக்குக்கே எடுத்துக்கொள்ளச் சொன்னவர்களும் உண்டு. கணக்கு வாத்தியாராகவே சொல்கிறேன்: வேண்டாம். விளையாடித் தோற்கத் தெரியாத பிள்ளை, பரீட்சையில் தோற்றால் என்ன செய்யும் என்று ஒவ்வொரு ரிசல்ட் நாளும் நாம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டுதானே இருக்கிறோம்?

கடைசியாக, செய்யக்கூடிய சில காரியங்கள். விண்ணப்பம் போடும் முன் ஒரு சாயங்காலம் பிள்ளையோடு உட்காருங்கள். டி.வி.யையும் கைப்பேசியையும் அணைத்துவிடுங்கள். 'எதில் வேலை கிடைக்கும்?' என்பதை நாம் பிறகு பேசிக்கொள்ளலாம். 'உனக்கு எதைத் தெரிந்துகொள்ளணும்னு ஆசை?' என்று முதலில் கேளுங்கள். உடனே பதில் வராது. இத்தனை நாள் யாரும் கேட்காததால் யோசிக்க நேரம் பிடிக்கும். காத்திருங்கள். அவள் சொல்வதும் உங்கள் வரவு செலவும் ஒத்துப்போகாமல் இருக்கலாம். அப்போது வீட்டுக் கணக்கை அவள் முன்னால் வைத்தே பேசுங்கள். கடன் எவ்வளவு, ஃபீஸ் எவ்வளவு என்று தெரிந்து எடுக்கும் முடிவில் வருத்தம் இருந்தாலும் கசப்பு இருக்காது.

அடுத்து, கல்லூரி திறக்கும் வரை கிடைக்கும் இந்த ஓரிரு மாதத்தைக் கோச்சிங்கில் கரைக்காதீர்கள். மாவட்ட மைய நூலகத்தில் ஓர் உறுப்பினர் அட்டை வாங்கிக்கொடுங்கள். குலசாமி கோயிலுக்குப் போகும்போது அந்தக் கல்லில் எழுத்து இருக்கிறதா என்று பிள்ளையைப் பார்க்கச் சொல்லுங்கள். படம் எடுத்துத் தமிழ் ஆசிரியரிடமோ கல்லூரி வரலாற்றுப் பேராசிரியரிடமோ காட்டச் சொல்லுங்கள். மழை பெய்யும் நாளில் உங்கள் தெருத் தண்ணீர் எந்த ஏரிக்குப் போகிறது என்று நடந்து பார்த்து வரச் சொல்லுங்கள். மலையில் கன்று நடும் கூட்டம் போனால் சேர்ந்துகொள்ளச் சொல்லுங்கள். பக்கத்து வீட்டில் நான்காம் வகுப்புப் பிள்ளை வாசிக்கத் திணறினால் தினமும் அரை மணி நேரம் சொல்லிக்கொடுக்கச் சொல்லுங்கள்.

பையனுக்குச் சமையலும் மகளுக்கு வண்டியும் பழக்குங்கள். இருவருக்கும் வீட்டுப் பட்டாவையும் மின் கட்டண ரசீதையும் படிக்கப் பழக்குங்கள். அவர்கள் உங்களை எதிர்த்துக் கேள்வி கேட்டால், 'படிக்க வச்சதுக்கு இதுதான் மரியாதையா?' என்று மட்டும் கேட்காதீர்கள். கேள்வி கேட்பதற்காகத்தான் படிக்க வைத்தோம்.

வேலை வாங்கித் தருவோம் என்று கல்லூரிகள் எல்லா பஸ்ஸின் பின்னாலும் விளம்பரம் செய்கின்றன; அந்தப் பொறுப்பு அவர்களிடம் இருக்கட்டும், முடிந்தவரை கறாராக அவர்களைக் கேளுங்கள். நேர்மையாகக் கணக்கு வைக்கிற, தன் ஊரைத் தெரிந்த, தப்பான தாளில் கையெழுத்துப் போடாத ஒரு மனிதரை எந்தக் கல்லூரியும் விளம்பரத்தில் காட்டுவதில்லை. அந்த மனிதரை வளர்ப்பது வீட்டின் வேலை. இந்த ஆண்டு விண்ணப்பம் நிரப்பும்போது பிள்ளையை முதுகுக்குப் பின்னால் நிறுத்தாதீர்கள். நாற்காலியில் உட்கார வைத்து, பிள்ளை வாயாலேயே சொல்லவிடுங்கள்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர் ஒருவர்,
திருவண்ணாமலை